அழுகாத செடிகள்

அவளை வேலைக்கு எடுத்த அன்று ஆய்வுக்கூட டைரக்டர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் கைப்பிடிக் கடுகைக் கொட்டினார். பக்கத்தில் ஒரு காலித் தட்டை வைத்தார். நீளமான இடுக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணா அந்தத் தட்டுக்கு மாத்துங்க. பேசக் கூடாது. கை மேசையில படக் கூடாது."

வந்திருந்தவர்கள் ஆறு பேர். நாலு பேர் பட்டதாரிகள். ஒரு பெண் இருபதாவது கடுகில் தும்மி எல்லாவற்றையும் சிதறடித்தாள். இன்னொருத்தி, "இதுக்கா நான் தாவரவியல் படிச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். ஒன்பது வருஷம் துணிக் கம்பெனியில் பொத்தான் தைத்துவிட்டு வந்திருந்த இவள் மட்டும் கடைசிக் கடுகு வரைக்கும் மாற்றி முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி, "திரும்ப இந்தத் தட்டுக்கே போட்டுடவா சார்?" என்று கேட்டாள்.

டைரக்டர் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவைதான். அது முதல் தடவை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்க்கிட் செடிகளைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சமையல்காரர் என்று பெயர். என் சமையலை ஒரு மனுஷன் சாப்பிட்டதில்லை. சர்க்கரை, உப்பு வகைகள், அகார் என்ற கடற்பாசிப் பொடி, துளி ஹார்மோன் எல்லாவற்றையும் எடை போட்டுக் கலந்து கூழாகக் காய்ச்சி, பாட்டில் பாட்டிலாக ஊற்றி, குக்கரின் பெரியப்பா மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வேக வைத்து, கிருமி இல்லாமல் வெட்டும் அறைக்கு அனுப்புவது என் வேலை. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தக் கூழைத் தின்றுதான் குட்டிச் செடிகள் வளரும்.

வெட்டும் அறையில் அவள் ராஜ்யம். ஹூட் என்று ஒரு கண்ணாடிக் கூடு. உள்ளேயிருந்து வடிகட்டிய காற்று முகத்துக்கு நேராக வீசிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, பாட்டிலைத் திறந்து, செடியாவதற்கு முந்தைய பச்சை உருண்டைகளை வெளியே எடுத்து, நாலாக ஐந்தாகப் பிளந்து, புதுக் கூழில் நட்டு மூட வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஆறு வாரத்தில் மறுபடி உருண்டைக் கொத்தாகும். மறுபடி பிளக்க வேண்டும். பேசினால் எச்சில் தெறிக்கும், பாட்டிலில் பூஞ்சை விழும். வளையல் கூடாது, நகம் கூடாது. நாள் முழுக்க ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து அவள் விரல் நுனிகளெல்லாம் வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடக்கும்.

மற்றவர்கள் வெட்டினால் நூறு பாட்டிலில் ஐந்தாறு பூஞ்சை பிடிக்கும். அவள் வெட்டினால் ஒன்றுகூடப் பிடிக்காது. டைரக்டரே அவளுக்குக் 'கைராசி' என்று பெயர் வைத்தார். ஆறு மாதத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் தினம் ஏறுகிற பஸ். "கண்ணுக்குத் தெரியாத செடிக்கெல்லாம் அவதான் அம்மா. கண்ணுக்கு எதிர்ல நிக்கிற புருஷனுக்கு டிபன் டப்பா கட்ட மறந்துடுவா" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வழியும்.

ஆர்க்கிட்டுக்கு ஒரு சாபம் உண்டு. அழுகல் நோய். காலையில் இலையில் தண்ணீர் தேங்கிய மாதிரி ஒரு பொட்டு தெரியும். நாலு நாளில் இலை வெந்த கீரை மாதிரி குழைந்து நாறும். ஒரு செடிக்கு வந்தால் கொட்டகையே காலி. மருந்து அடித்தால் செலவுதான் மிஞ்சும். டைரக்டருக்கு அந்த நோயின் மேல் ஒரு வெறி. எங்கேயோ பாறை இடுக்கில் முளைக்கும் ஒரு காட்டு ஆர்க்கிட்டைக் கொண்டுவந்தார். தேய்ந்த செருப்பு நிறத்தில் சுண்டுவிரல் நகமளவு பூ. ஆனால் அழுகல் அதை ஒன்றும் செய்யாது. அதன் மகரந்தத்தைக் கடையில் விற்கும் பெரிய வெள்ளைப் பூவின் மேல் தடவினார். காய் பிடித்தது. காய்க்குள் விதை என்று சொல்ல முடியாத அளவுக்குத் தூள். அந்தத் தூளைக் கைராசி கூழின் மேல் தூவினாள். இரண்டு வருஷத்தில் மூவாயிரம் குட்டிச் செடிகள்.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. டைரக்டர் ஒரு சிறிய சீசாவில் கலங்கலான தண்ணீர் கொண்டுவந்தார். அழுகல் கிருமி. ஒவ்வொரு செடிக்கும் ஊசியில் தொட்டு ஒரு குத்து.

"இத்தனை நாள் வளர்த்த கையாலேயே விஷ ஊசி போடச் சொல்றீங்களே சார்" என்றாள்.

"எது தாங்குதுன்னு வேற எப்படித் தெரியும்?"

"புரியுது. ஆனா மனசு வரலை."

"மனசு வராம போடுங்க. கை நடுங்காம இருந்தா போதும்."

மூன்று நாள் உட்கார்ந்து மூவாயிரம் செடிக்கும் அவளே குத்தினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. அடுத்த வாரம் அந்த அறைப் பக்கம் போக முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். வாளி வாளியாக அள்ளிக் கொட்டினோம். கடைசியில் நின்றது பதினொன்று. அந்தப் பதினொன்றையும் பூக்கும் வரை வளர்த்ததில் ஏழு, பூ பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று சவலை. ஒன்றே ஒன்று, அதற்கு ஏழாம் நம்பர் என்று பெயர், உள்ளங்கை அகலத்துக்குப் பால் நிறத்தில் பூத்தது. நடுவில் மட்டும் காட்டுச் செடியின் பழுப்பு, மை தீட்டிய மாதிரி.

டைரக்டர் சிரித்த இரண்டாவது தடவை அதுதான். ஆறு வருஷ உழைப்பு. அன்று அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து டீ குடித்தார். அந்த மனுஷர் மோசமானவர் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு செடியை லட்சமாக்க வேண்டும். ஏழாம் நம்பரின் பூக்காம்பிலிருந்து ஒரு கணுவை வெட்டி, கூழில் வைத்து, உருண்டையாக்கி, பிளந்து பிளந்து பெருக்க வேண்டும். ஒரு தடவை பிளப்பது ஒரு சுற்று. டைரக்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்:

"எட்டுச் சுற்று. அதுக்கு மேல வேண்டாம். எட்டு முடிஞ்சதும் எல்லாத்தையும் செடியாக்கி வெளியே அனுப்பிட்டு, திரும்பத் தாய்ச்செடிக்கே போய் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தையே ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டே போனா எழுத்து என்னாகும்? அதேதான் இதுவும்."

அதனால் ஒவ்வொரு பாட்டில் மூடியிலும் தேதி, சுற்று நம்பர், வெட்டியவரின் அடையாளம் மூன்றையும் மெழுகுப் பென்சிலால் எழுதுவோம்.

கைராசியின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வலைக்கொட்டகை போட்டு ஆர்க்கிட் வளர்த்து பூக்கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை அழுகல் வந்து கொட்டகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. ஏழாம் நம்பரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தங்கை வீட்டுக்காரர் நேரே இவளிடம் வந்தார்.

"அக்கா, நோட்டீஸ்ல ஆயிரம் போடுவாங்க. நீங்க சொல்லுங்க. வாங்கலாமா?"

"விதைத்தூள்ல இருந்து நான் தொட்டு வளர்த்தது மாப்ளை. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

அவள் அதைச் சொன்னபோது ஆறாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவள் சொன்னதில் ஒரு பழுதும் இல்லை.

ஆனால் கேட்டது அவர் ஒருவர் மட்டுமா? எங்கெங்கிருந்தோ ஆர்டர் குவிந்தது. காத்திருப்போர் பட்டியல் சுவரில் ஒட்டிய காகிதத்தைத் தாண்டி அடுத்த காகிதத்துக்குப் போனது. எட்டாம் சுற்று முடிந்தது. தாய்ச்செடிக்குத் திரும்பினால் ஒன்றரை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் சுற்று பாட்டில்கள் மறுபடி வெட்டும் மேசைக்கு வந்தன. ஒன்பது. பத்து.

பதினொன்றாம் சுற்றில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டைரக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. நான் வராந்தாவில் கூழ் வண்டியோடு நின்றிருந்தேன்.

"சார், எட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். செடி எப்படி இருக்கு? போய்ப் பாருங்க. பச்சைப் பசேல்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? எட்டுங்கறது ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்றது."

"பூத்துப் பார்க்காம எப்படித் தெரியும்?"

"பூத்துப் பார்த்துட்டு விக்கறதுன்னா நாம மூடிட்டுப் போக வேண்டியதுதான். முப்பது பேர் வேலை செய்யறாங்க இங்கே. கைராசி, உங்க வேலை வெட்டறது."

அவள் திரும்பி வந்தாள். ஸ்பிரிட்டில் கையைத் துடைத்தாள். உட்கார்ந்து வெட்டினாள். மறுவாரத்திலிருந்து மூடியில் சுற்று நம்பர் எழுத வேண்டாம், தேதி போதும் என்று உத்தரவு வந்தது. அவள் எழுதாமல் விடவில்லை. பாட்டிலின் அடியில் சுற்றுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பாட்டில் கழுவுவதும் என் பொறுப்பு என்பதால் எனக்கு மட்டும் தெரியும்.

என் கதைக்கும் வருகிறேன். சீக்கிரம் பெருக வேண்டும் என்று கூழில் ஹார்மோனை இரண்டு மடங்கு போடச் சொன்னார் டைரக்டர். வாயால்தான் சொன்னார். "புத்தகத்துல பழைய அளவே இருக்கட்டும்" என்றார். நான் இரண்டு மடங்கு போட்டேன். புத்தகத்தில் பழைய அளவையே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

தங்கை வீட்டுக்காரரின் முறை வந்தபோது பதினான்காம் சுற்று. அன்று கைராசி விடுமுறை எடுக்காமல், சாப்பிடவும் போகாமல், நாற்று அறையில் தானே நின்று தங்கைக்கான செடிகளைப் பொறுக்கினாள். நாலாயிரம் செடி. இருப்பதிலேயே தடித்த இலை, கரும்பச்சை நிறம், நிமிர்ந்த நிலை. மெலிந்ததாக, வெளிறியதாக ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"மத்தவங்களுக்குக் கலந்து போகட்டும். என் தங்கச்சிக்குக் கழிசடை போகக் கூடாது" என்றாள் என்னிடம். அவள் மனசாட்சியை அப்படித்தான் சமாதானப்படுத்தினாள் என்று நினைக்கிறேன். தங்கையிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளுக்கும் தோன்றியிருக்கும். சொன்னால் வேலை போகும். தவிர, இலை அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டரை வருஷம் ஆயிற்று அவை பூக்காம்பு விட. கொட்டகையில் ஒரு செடிகூட அழுகவில்லை. பக்கத்துக் கொட்டகைகளில் மற்ற ரகங்கள் குழைந்து நாறியபோது இவர்கள் செடிகள் பளபளவென்று நின்றன. தங்கை வீட்டுக்காரர் போகிற வருகிறவரையெல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். காம்பு நீண்டது. மொட்டு கட்டியது. மொட்டு பெருத்தது.

பெருத்த மொட்டு அப்படியே நின்றுவிட்டது. சிலது கருகி உதிர்ந்தது. சிலது பாதி திறந்தது. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கிக்கொண்டு, குழந்தை கையை மூடிய மாதிரி இருந்தன. நாலாயிரத்தில் உருப்படியாகப் பூத்தது நானூறு இருக்கும். மற்றவர்கள் கொட்டகையில் பாதியாவது பூத்தது. பொறுக்கியெடுத்துக் கொடுத்த இடத்தில்தான் இவ்வளவு மோசம். ஏனென்று பின்னால் தெரிந்தது. மிதமிஞ்சிய சுற்றிலும் ஹார்மோனிலும் தடம் மாறிய செடிகளுக்குத்தான் இலை தடிக்கும், நிறம் கறுக்கும். மெலிந்து வெளிறி நின்றவைதான் அசல் ஏழாம் நம்பர்கள். அவற்றையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக ஒதுக்கி ஊராருக்கு அனுப்பியிருந்தாள்.

வளர்த்தவர்கள் நாற்பது பேர் திரண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். டைரக்டர் கூட்ட அறையில் நின்றுகொண்டு, கையில் பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு பேசினார்.

"இதுல என்ன போட்டிருக்கோம்? அழுகல் நோய் வராதுன்னு. யாருடைய கொட்டகையிலாவது ஒரு செடி அழுகிச்சா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அதுதான் நாங்க குடுத்த வாக்கு."

பின் வரிசையில் ஒருவர், "அழுகாத செடியை வெச்சு நாங்க என்ன சார் பண்றது, இலையையா மாலை கட்டறது?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு உடனே செத்தது. தங்கை வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சுவரோரம் நின்ற கைராசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தாலும் கம்பெனி முதலாளிகள் ஒரு காரணம் கேட்டார்கள். காரணம் என்றால் ஒரு ஆள். விசாரணை வைத்தார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. வெட்டும் அறையில் பாட்டில்கள் மாறிப்போய்விட்டன, பொறுப்பான ஊழியரின் கவனக்குறைவு என்று ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார்கள். அதற்குச் சான்று, அவள் தன் குடும்பத்துக்காகத் தன் கையால் பொறுக்கிய செடிகள். மற்ற எதையும்விட அதுதானே மோசமாகப் போயிருக்கிறது.

"நான் மாத்தலை. சுற்று எட்டைத் தாண்டிடுச்சு. கூழ்ல ஹார்மோனும் கூடிப்போச்சு. பழைய பாட்டில் கொஞ்சம் கழுவாம எடுத்து வெச்சிருக்கேன், அடியில கோடு இருக்கு, பாருங்க" என்றாள்.

அந்தப் பாட்டில்களைப் போன மாதமே ஆட்டோகிளேவில் போட்டுச் சுரண்டிக் கழுவிவிட்டோம். கழுவச் சொன்னது டைரக்டர். கழுவியது நான்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஹார்மோன் அளவு என்ன என்று கேட்டார்கள்.

"புத்தகத்துல எழுதியிருக்கிறபடிதான்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"சமையல்காரரே, உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"அஞ்சு பேர்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாற்காலிக்காரர்களையும் ஒரு தரம் பார்த்தாள். வெளியே போய், வெட்டும் அறை மேலங்கியை மடித்து ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். டைரக்டர் தலையைக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பி மேசையில் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை.

மிச்சத்தை அவள் வீட்டுக்காரரான டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் அவர் பஸ்ஸில் ஏற எனக்கு முகம் இல்லை. அப்புறம் ஏறினேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வேலை போன மறுநாளே தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். பழி அக்கா மேல் விழுந்ததைக் கேட்டுத் தங்கைக்கு முதலில் அழுகை வந்துவிட்டதாம். அக்காவைக் கட்டிக்கொண்டு, "அந்தாள் நல்லா இருக்க மாட்டான்க்கா, உன் தலையில கட்டிட்டானே" என்றாளாம். அதோடு விட்டிருக்கலாம். இவள் விடவில்லை.

"எட்டுச் சுற்றுக்கு மேல போனது எனக்குத் தெரியும்டி."

"எப்போ தெரியும்?"

"உங்களுக்குச் செடி வர்றதுக்கு முன்னாலேயே."

தங்கை கையை எடுத்துவிட்டாள். "தெரிஞ்சும் சொல்லலையா?"

"இலை நல்லா இருந்தது. இருக்கிறதுலேயே நல்லதாப் பொறுக்கித்தான் குடுத்தேன்."

"பொறுக்கிக் குடுத்தியா? பொறுக்காம கையில வந்ததை அள்ளிப் போட்டிருந்தா பாதியாவது பூத்திருக்குமேக்கா."

தங்கைதான் மறுபடி பேசியிருக்கிறாள்: "அழுகிச் செத்திருந்தாக்கூட அழுது தீர்த்துட்டு வேற போட்டிருப்போம். இது சாகவும் மாட்டேங்குது. தினம் காலைல எழுந்து அதுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கேன். இன்னிக்குத் திறக்குமா, நாளைக்குத் திறக்குமான்னு ரெண்டு பூ சீசன் போயிடுச்சு. நீ கிளம்புக்கா. அவர் வர்ற நேரம்."

மழைக்கு முன்னால் அவர்கள் கொட்டகையைக் காலி செய்தார்கள். செடிகளைப் பிடுங்கித் தெருமுனையில் குவித்தார்கள். அந்தக் குவியல் வாடவே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது, நாய்கள் அதன்மேல் படுத்தன. மாதக்கணக்கில் கரும்பச்சையாகவே கிடந்தது. நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போகும் வரை கைராசி அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. தங்கை வீட்டுக்காரர் ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார்.

ஆய்வுக்கூடம் என்னவாயிற்று என்றால், நன்றாகத்தான் ஆயிற்று. டைரக்டர் தாய்ச்செடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை எட்டே சுற்று, ஒன்றுகூடக் கூட விடவில்லை. என் புத்தகத்தை வாரம் ஒரு முறை அவரே வந்து சரிபார்த்தார். ஏழாம் நம்பர் இப்போது எல்லாப் பூக்கடையிலும் இருக்கிறது. அழுகுவதும் இல்லை, பூக்கத் தவறுவதும் இல்லை. மருந்து அடிக்கிற செலவு மிச்சம் என்று வளர்ப்பவர்கள் வாழ்த்துகிறார்கள். டைரக்டருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் குழுவுக்கு நன்றி சொன்னார். குழு என்பதில் அவளும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் கழித்து என் மூக்குக் கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்கடையில் நன்றாகப் போடுவார்கள் என்றார்கள். போனேன். மேசைக்குப் பின்னால் அவள். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் எறும்பளவு திருகாணி, இடுக்கியின் நுனியில்.

"வாங்க. உட்காருங்க" என்றாள். கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மரை தேஞ்சு போச்சு. வேற ஆணி போடறேன்."

கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அவசரமாகக் கொட்டினேன். இப்போது எனக்குப் பயமில்லை, ஓய்வு வாங்கிவிட்டேன், யாரிடம் வேண்டுமானாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"யார்கிட்டே சொல்லுவீங்க?"

"கம்பெனியில. பேப்பர்ல. உங்க தங்கச்சிகிட்டே கூட."

"அவகிட்டே நானே சொல்லிட்டேனே. உண்மையைச் சொன்னதாலதான் அவ பேசறதில்லை. பொய் சொல்லியிருந்தா இந்நேரம் எங்க வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருப்பா." திருகாணியை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். "நீங்க இப்போ சொல்றது உங்களுக்குத் தூக்கம் வர்றதுக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"தங்கச்சி போன்கூடப் பண்றதில்லையா?" என்று கேட்டேன்.

"அவ பொண்ணு பண்ணுவா. பெரியம்மா, பெரியம்மான்னு எதையாவது பேசுவா. பின்னால அவ குரல் கேட்கும். துணியை எடு, கதவைச் சாத்துன்னு யாரையாவது அதட்டிட்டு இருப்பா." கண்ணாடியைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினாள். "போட்டுப் பாருங்க. காது வலிக்குதா?"

"இல்லை."

"சரி" என்றாள். எனக்குப் பின்னால் உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.